லேவியராகமத்தில் நின்றுபோகும் பைபிள் பிளான்: தினமும் வாசிப்பதால் உண்மையில் என்ன பயன்?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிகிறது. கையில் வாக்குத்தத்த அட்டை. வீட்டுக்கு வருவதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். கூடவே மொபைல் ஆப்பில் 'ஒரே வருடத்தில் முழு வேதாகமம்' என்று ஒரு பிளானும் தொடங்கும். ஆதியாகமம் ஜாலியாகப் போகும். கதை அப்படி. யாத்திராகமத்தின் முதல் பாதியும் ஓடிவிடும். பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், திரைகள், கொக்கிகள். அதைத் தாண்டினால் லேவியராகமம். சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி...

கணக்கு எளிது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு மூணேகால் அதிகாரம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிப்பவர் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் முடித்து, ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்துக்குள் நுழைவார். ஆபீஸில் ஒரு ரிலீஸ், ஒரு நைட் ஷிஃப்ட், ஊரில் ஒரு கல்யாணம் வந்தால் போதும். நாலு நாள் விடுபடும். பாக்கி 13 அதிகாரம். அதைப் பார்த்ததும் ஆப்பைத் திறக்கவே மனசு வராது. பிளான் அத்தோடு முடிந்தது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடிப்பது சுலபம். போதகர்களில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தினசரி வாசிப்பு எதற்கு என்பதைப் பற்றிய எதிர்பார்ப்பே தப்பாக இருக்கிறது. 'இன்றைக்கு எனக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்டு வாசிப்பவருக்கு லேவியராகமம் நிச்சயம் ஏமாற்றம்தான் தரும். தினசரி வாசிப்பின் பலன் பெரும்பாலும் வாசித்த அன்றைக்குத் தெரிவதில்லை.

பின்மாற்றம் சத்தம் போட்டு வருவதில்லை

'விசுவாசத்தில் நிலைநிற்பது' என்றதும் சிறை, சித்திரவதை, சிங்கக் குகை என்றுதான் மனம் போகிறது. பெங்களூரில் பிஜியில் தங்கி வேலை பார்க்கும் நாகர்கோவில் பையனுக்கோ, ஓஎம்ஆரில் ரூம் எடுத்திருக்கும் பாளையங்கோட்டைப் பெண்ணுக்கோ அப்படி எதுவும் நடப்பதில்லை. நடப்பது வேறு. ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பிவிட அம்மா இருந்தார். வாலிபர் கூட்டம் இருந்தது, பாடகர் குழு இருந்தது, ஒரு வாரம் வராவிட்டால் 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்க ஒரு ஆயர் இருந்தார். புது ஊரில் இது எதுவும் இல்லை. ஒரு ஞாயிறு தூக்கம். அடுத்த ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறுக்குக் காரணமே தேவைப்படாது. யாரும் அவரை விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அவரும் விட்டதாக நினைக்கவில்லை.

மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் விதைக்கிறவன் உவமை இதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறது. பலன் தராத நிலங்கள் மூன்று. வழியோரத்தில் விழுந்த விதையைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. அது முளைக்கவே இல்லை. மற்ற இரண்டும் முளைத்தவை. கற்பாறை மண்ணில் வேர் ஆழமில்லை, வெயிலில் கருகியது. அதைத் துன்பத்துக்கும் உபத்திரவத்துக்கும் ஒப்பிடுகிறார். முள் நடுவே விழுந்ததை நெருக்கிப்போட்டவை அன்றாடக் கவலைகளும் பணத்தின் கவர்ச்சியும். இஎம்ஐ, அப்ரைசல், ஆன்சைட் என்று ஓடும் வாழ்க்கைக்கு எந்த நிலம் பொருந்தும் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த எல்லாம் போன பிறகு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. வேத வாசிப்பு என்ற பழக்கத்தின் மதிப்பை அங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் இல்லாத பத்தாவது வசனம்

வாக்குத்தத்த அட்டைகளிலும் பட்டமளிப்பு வாழ்த்துகளிலும் அதிகம் சுற்றிவரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கடவுள் தம் மக்களைப் பற்றி வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற கருத்துள்ள வசனம். வேலை தேடுபவர், விசாவுக்குக் காத்திருப்பவர், கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர் என எல்லோர் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தால் காட்சியே மாறிவிடும். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. 'சீக்கிரமே திரும்பிவிடலாம்' என்று அங்கே சில தீர்க்கதரிசிகள் நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்கிறது கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், சிறைபிடித்துவந்த அந்த நகரத்தின் நன்மைக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. புகழ்பெற்ற வசனத்துக்கு நேர் முந்தைய பத்தாவது வசனத்தில்தான் கால அளவு வருகிறது: 70 வருடங்கள். கடிதத்தை வாசித்த பெரியவர்களில் ஏறக்குறைய யாருமே ஊர் திரும்ப உயிரோடு இருக்கப்போவதில்லை.

அட்டையை மட்டும் வைத்திருப்பவர், ஆறு மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால், கடவுள் சொன்ன வார்த்தை பொய்த்துவிட்டதாக நினைப்பார். 70 வருடத்தையும் சேர்த்து வாசித்தவருக்கு அந்த வாக்குத்தத்தமே காத்திருப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது என்று தெரியும். விசுவாசம் உடையும் இடங்களில் பல, வேதாகமம் சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நம்பிய இடங்கள்தான். இதற்கு அட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஒரு துண்டு, அவ்வளவுதான். துண்டையே முழுச் சாப்பாடாக எண்ணுவதுதான் பிரச்சினை.

ஒரு ஜெர்மன் போதகரின் பழக்கம்

தினம் ஒரு வசனம் என்ற பழக்கம் ஆப் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் இருந்த மொராவியன் சகோதரர்கள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் குறித்த 'லோசுங்கன்' என்ற கையேட்டை 1731 முதல் வருடந்தோறும் அச்சிட்டு வருகிறார்கள். வசனங்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதே வழக்கம். இந்தக் கையேட்டை விடாமல் வாசித்தவர்களில் ஒருவர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லரை எதிர்த்து, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்ட லூத்தரன் போதகர்.

1935-ல் இளம் போதகர்களுக்கான ஒரு பயிற்சி மையத்தை அவர் நடத்தத் தொடங்கினார். சீக்கிரமே அது ஃபிங்கன்வால்ட என்ற ஊருக்கு இடம் மாறியது. காலையும் மாலையும் எல்லோரும் கூடி சங்கீதங்கள், பழைய ஏற்பாட்டில் ஒரு நீண்ட பகுதி, புதிய ஏற்பாட்டில் ஒரு பகுதி என வரிசையாக வாசிப்பார்கள். அது போக, ஒரு சின்னப் பகுதியை வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் தனியாக அமைதியாக உட்கார வேண்டும். வாரம் முழுக்க அதே பகுதி. மாணவர்கள் பலருக்கு அது பெரிய அவஸ்தையாக இருந்தது. இந்த வாழ்க்கையைப் பற்றி 1939-ல் வெளியான தன் நூலில், லோசுங்கன் போன்ற ஒற்றை வசனங்கள் நல்லவைதான், ஆனால் வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கு அவை மாற்று ஆகாது என்று அவர் தெளிவாகவே எழுதினார்.

அன்றைய ஜெர்மனியில் பழைய ஏற்பாட்டைத் தினமும் வாசிப்பது வெறும் பக்தி விஷயம் இல்லை. நாஜிகளை ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற பிரிவு 1933 நவம்பரில் பெர்லினில் நடத்திய மாபெரும் கூட்டத்தில், யூதர்களின் புத்தகமான பழைய ஏற்பாட்டையே சபை கைவிட வேண்டும் என்று பேசப்பட்டது. பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும் வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது. சங்கீதங்களே சபையின் ஜெப புத்தகம் என்று 1940-ல் சின்ன நூல் ஒன்றை போன்ஹோஃபர் வெளியிட்டார். அதை ஒட்டி அதிகாரிகளோடு மோதல் வந்தது. 1941-ல் அவர் எதையும் பிரசுரிக்கக் கூடாது என்று தடை போடப்பட்டது.

அதற்கு முன்பு, 1939 கோடையில், நண்பர்கள் ஏற்பாடு செய்த பாதுகாப்பான வாய்ப்பில் அவர் நியூயார்க்கில் இருந்தார். போர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனிக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டார்; ஆனால் மனம் அலைபாய்ந்துகொண்டே இருந்தது. ஜூன் 26 அன்று அவர் வாசித்தது, குளிர்காலம் வருவதற்குள் தன்னிடம் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்கும் வரி. நாள் முழுக்க அது தன்னை விடவில்லை என்று டைரியில் எழுதினார். அடுத்த மாதமே கப்பல் ஏறினார்.

ஒற்றை வசனம் வேலை செய்துவிட்டதே என்று கேட்கலாம். அந்த வரி யாரிடம் வேலை செய்தது என்றும் பார்க்க வேண்டும். அது சிறையில், மரணத்தை எதிர்பார்த்து ஒரு முதியவர் எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதி; கூட இருந்தவர்கள் பலர் விட்டுப்போன பிறகு எழுதியது. முழுக் கடிதமும் உள்ளே ஊறியவருக்குத்தான் அந்தச் சின்ன வேண்டுகோளின் கனம் தெரியும். இல்லாவிட்டால் அது யாரோ யாருக்கோ அனுப்பிய பயணக் குறிப்பு.

1943 ஏப்ரல் 5 அன்று கைது. டேகல் சிறையில் முதல் நாட்களில் யாரும் அவரோடு பேசக்கூட இல்லை. 48 மணி நேரம் கழித்து அவருடைய பைபிளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே ரம்பமோ பிளேடோ ஒளித்திருக்கிறாரா என்று சோதித்துவிட்டுத்தான். சில வாரங்களில் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல வருடங்களாகச் செய்துவருவதைப் போலவே தினமும் சங்கீதம் வாசிப்பதாகச் சொன்னார். நவம்பரில் நண்பருக்கு எழுதியபோது, பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை முடித்துவிட்டதாகக் குறிப்பிட்டார்.

'பல வருடங்களாக' என்பதுதான் இதில் முக்கியம். சிறைக்குள் போன பிறகு தொடங்கிய பழக்கமல்ல அது. 88-ஆம் சங்கீதம் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற புலம்பல் பாடல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரும். இதில் வராது; இருட்டிலேயே முடியும். சந்தோஷமான ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அது சம்பந்தமே இல்லாததாகத் தோன்றும். வருடக்கணக்கில் அதைக் கடந்து போனவருக்கு, தன் வாழ்க்கையில் அப்படி ஒரு இரவு வரும்போது, இந்த இருட்டு வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது, இப்படிப் புலம்புவதும் ஜெபம்தான் என்று தெரிந்திருக்கும். ஐசியூ வாசலில் நிற்கும்போது புதிதாக அதைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. தினசரி வாசிப்பு உண்மையில் தருவது இதுதான்: தேவைப்படாத நாளில் சேர்த்து வைப்பது.

ஸ்ட்ரீக் எண்ணினால் போதுமா?

வருட பிளான்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் பழையது ஒன்று ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. டண்டீ நகரின் செயின்ட் பீட்டர்ஸ் சபைப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842 டிசம்பர் கடைசியில், அடுத்த வருடத்துக்காகத் தன் சபையாருக்குத் தயாரித்துக் கொடுத்தது. சராசரியாக நாளுக்கு நாலு அதிகாரம். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. பலரும் கவனிக்காத ஒன்று, அதன் முன்னுரை. அட்டவணையின் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே ஆபத்துகளை அவர் எண்ணிச் சொல்லிவிடுகிறார்: சடங்காகிப் போவது, முடித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமில்லாமல் புரட்டுவது, சிலருக்குச் சுமக்க முடியாத பாரமாவது. இன்றைய எந்த ஆப்பும் தன் பிளானுக்கு இப்படி ஒரு எச்சரிக்கை போடுவதில்லை.

1843 மார்ச் 25 அன்று, 29 வயதில், மக்செயின் காய்ச்சலில் இறந்துபோனார். பிளானைத் தயாரித்தவருக்கே அதில் மூன்று மாதம்தான் வாய்த்தது.

யூவெர்ஷன் ஆப், 2008-ல் ஆப்பிள் ஆப் ஸ்டோர் திறந்தபோதே அதில் இருந்தது. தமிழ் உட்பட ஏராளமான மொழிகள், ஆடியோ, நினைவூட்டல் என்று அது செய்து கொடுத்திருப்பது பெரிய உதவி. ஆனால் அதிலும் ஸ்ட்ரீக் இருக்கிறது. ஸ்ட்ரீக்கின் வேலை ஆப்பைத் திறக்க வைப்பது. திறந்த பிறகு என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. 200 நாள் ஸ்ட்ரீக் வைத்திருப்பவர் ஒரு நாள் விட்டதும் எண் ஒன்றுக்குத் திரும்பும். வாசித்த 200 நாளும் அழிந்துவிட்டது போல ஒரு உணர்வு வரும். அது பொய்யான உணர்வு. உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது. ஆகவே விட்ட நாட்களின் பாக்கியைச் சேர்த்து முடிக்க முயல்வதை முதலில் கைவிட வேண்டும். இன்றைய பகுதியை வாசித்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம் என்றாலும் மூன்றேகால் வருடத்தில் 1,189-ம் முடிந்துவிடும். அவசரம் என்ன?

வாசிக்கத் தெரியாதவர்கள் நிலைநிற்கவில்லையா?

நியாயமான கேள்வி. கிறிஸ்தவ வரலாற்றின் பெரும்பகுதியில் பெரும்பாலான விசுவாசிகளுக்கு எழுத்தறிவு கிடையாது. சொந்தமாக பைபிளும் கிடையாது. சீகன்பால்கின் தமிழ் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-ல். அதன் பிறகும் நெல்லைச் சீமைக் கிராமங்களில் உபதேசியார் வாசிக்க, கேட்டுத்தான் மனதில் ஏற்றிக்கொண்டார்கள். இன்றும் எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிகள் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி வாசகங்கள் வழியாக வந்ததும் கேள்வி ஞானம்தான். ஆக, கண்ணால் வாசிப்பதா, காதால் கேட்பதா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. தொடர்ச்சிதான் விஷயம்.

மடகாஸ்கர் இதற்கு நல்ல சாட்சி. 1835-ல் ராணி முதலாம் ரனவலோனா தன் மக்கள் கிறிஸ்தவத்தைப் பின்பற்றத் தடை விதித்தார். அதே வருடத்தில்தான் மலகாசி மொழியில் முழு பைபிள் அச்சாகி முடிந்திருந்தது. அடுத்த வருடத்துக்குள் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். பைபிள் வைத்திருந்தால் தண்டனை, பலர் கொல்லப்பட்டார்கள். விசுவாசிகள் புத்தகங்களை மறைத்து வைத்து, ரகசியமாகக் கூடி, தெரிந்தவர் வாசிக்க மற்றவர் கேட்டார்கள். 1861-ல் ராணி இறந்து மிஷனரிகள் திரும்பிவந்தபோது, விட்டுப்போனதைவிட அதிகமான கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள். கால் நூற்றாண்டு, போதகர் என்று வெளியிலிருந்து யாரும் வராமல்.

இதிலிருந்து, வாசித்தால் விழவே மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. தினமும் வாசித்துக்கொண்டே வீட்டில் மனைவியை அடிப்பவர் இருக்கிறார். வசனம் தெரிந்தவர்கள்தான் சபைக்குள் சாதிக்குத் தனி வரிசையும் தனிக் கல்லறையும் வைத்தார்கள். புத்தகம் தானாக யாரையும் மாற்றிவிடாது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஆமோஸ் ஒன்பதே அதிகாரம். அநியாயம் செய்துகொண்டே பண்டிகையும் பாட்டும் நடத்துபவர்களை அது என்ன பாடு படுத்துகிறது என்பதை முழுசாக வாசித்தால் தெரியும்.

தமிழ் பைபிள் கடினமாக இருந்தால்?

இது பலரும் வெளியே சொல்லாத தடை. பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் பழக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பின் அடித்தளம், ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் முடித்த பதிப்பு. அந்த நடைக்கென்று ஒரு அழகு உண்டு. காது பழகியவர்களுக்கு வேறு எதுவும் ருசிக்காது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கும் 24 வயதுக்காரருக்கு அது தடுப்புச் சுவர். வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் சேர்ந்து உருவாக்கி 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது. ஆடியோ பைபிளை மெட்ரோவில் கேட்டுக்கொண்டே போகலாம். பழைய பதிப்பை மட்டுமே உண்மையான பைபிள் என்று பிடிவாதம் பிடிக்கும் மூத்தவர்கள், அதனாலேயே பிள்ளைகள் எதையும் வாசிக்காமல் போவதைக் கவனிப்பதில்லை.

எங்கே தொடங்குவது என்பதற்கு, 16 அதிகாரமே உள்ள மாற்கு நல்ல இடம். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். தினம் ஐந்து சங்கீதம் என்றால் 150-ம் ஒரு மாதத்தில் முடியும். ஒரே ஒரு சங்கீதம் என்றால் ஐந்து மாதம். புது ஊரில் இருப்பவர், அதே பகுதியை வாசிக்கும் இன்னொருவரைக் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது. பெரிய குரூப் தேவையில்லை. 'இன்னைக்கு வாசிச்சியா?' என்று வாரத்தில் இரண்டு முறை கேட்க ஒரு ஆள் போதும்.

லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் அங்கேயே திரும்பத் தொடங்கினாலும் நஷ்டமில்லை. தகனபலியில் களைத்து, 11-ஆம் அதிகாரத்தில் எந்த மிருகத்தைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்ற பட்டியலோடு மூடி வைத்தவர்கள் 19-ஐப் பார்த்திருக்க மாட்டார்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் வெளியூர்க்காரனுக்கும் விட்டுவைக்கச் சொல்வது அங்கேதான். கூலிக்காரனின் சம்பளத்தை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்பதும், செவிடனை நிந்திக்கக் கூடாது, குருடன் வழியில் தடுக்கல் வைக்கக் கூடாது என்பதும் அதே அதிகாரம். பிறனைத் தன்னைப் போல நேசிக்கச் சொல்லி இயேசு எடுத்துக்காட்டிய கட்டளையும் 18-ஆம் வசனமாக அங்கேயே இருக்கிறது. 11-லிருந்து இன்னும் எட்டு அதிகாரம்தான்.